சீத்தாப்பழச் சுவர்

தீவுக் கலங்கரை விளக்கம்
9 பிப்ரவரி 1997

மிரேயா,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என நம்புகிறேன்.

இன்று காலை சரக்குக் கப்பல் வந்தது. மாவு, டீசல், உருளைக்கிழங்கு எல்லாம் இறங்கின. டின்னில் அடைத்த பீச் பழம் மட்டும் கேட்டதைவிட நாலு மடங்கு இறங்கியது. யாரோ கிடங்கைக் காலி செய்திருக்கிறார்கள். கூட வேலை பார்க்கும் தெயோஃபிலோவும் நானும் பெட்டிகளை மேலே சுமந்து வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இந்தத் தெற்குக் கோடியில் பிப்ரவரிக் கோடை என்றால் இதுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். கப்பலின் சமையல்காரர் நம் குன்றுக்கு அடுத்த குன்றில் குடியிருப்பவராம். காபி குடிக்கும்போது சொன்னார்: "என்ன சார்ஜெண்ட், உங்க வீடு ஊருக்கே தெரிஞ்ச வீடாயிடுச்சு! எங்க பொண்ணு போன வாரம் உங்க ஜன்னல்ல நின்னு ஐஸ் வாங்கித் தின்னுட்டு வந்தா. சுவர் பூரா என்னா பெரிய பழம்!"

நான் எல்லாம் தெரிந்தவன்போலத் தலையாட்டினேன். வேறு என்ன செய்வது? என் வீட்டைப் பற்றி எனக்கே ஒரு சமையல்காரர் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் புறப்படும் முன், நவம்பரில், நம் வீட்டுத் தகரச் சுவருக்கு இரண்டு முறை வெள்ளை அடித்தேன். ஏணியின் உச்சியில் நின்று ஓரம்கூட விடாமல் அடித்தேன். ஒவ்வொரு வருடமும் அடிக்கிறேன். அதன் மேல் யாரோ பழம் வரைந்திருக்கிறார்கள். என் மனைவி ஜன்னலில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களுக்கு ஐஸ் விற்கிறாள். என் சம்பளம் ஒழுங்காக வந்து சேரவில்லையா? சேரவில்லை என்றால் எழுது, அலுவலகத்துக்கு நான் எழுதுகிறேன். சேர்ந்திருந்தால், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஏன் செய்தாய் என்று எழுது.

இதை ரேடியோவில் பேச முடியாது. தெற்கே போகும் எல்லாப் படகும் கேட்டுச் சிரிக்கும்.

எவரிஸ்தோ


வால்பரைசோ
16 மார்ச்

கிழவா,

உன் கடிதம் வந்துச்சு. முதல்ல உன் சம்பளம் ஒழுங்கா வருது, கவலைப்படாதே. முழங்கால் வலி எப்படி இருக்கு? ஒரு வார்த்தை எழுதல நீ. சுவரைப் பத்தி எழுதவே தாள் சரியாப் போச்சு போல.

சொல்றேன், கேளு. ஜனவரியில இங்க வெயில் கொளுத்திச்சு. தகரச் சுவரு, உள்ள அடுப்பு மாதிரி இருந்துச்சு. மேல் வீட்டு லூச்சாவோட அண்ணன் லாரியில பீச் ஏத்திட்டு வந்தவர், அடிபட்டதையெல்லாம் ஒரு பெட்டி நம்ம வாசல்ல வச்சுட்டுப் போயிட்டார். தனியா ஒருத்தி எத்தனை பழம் திங்கறது? தூக்கிப் போட மனசு வரல. தோலை உரிச்சு, துண்டு போட்டு, தட்டுல பரப்பி ஃப்ரிட்ஜோட மேல் அறையில உறைய வச்சேன். கல்லு மாதிரி ஆனதும் எடுத்து, கொஞ்சம் சர்க்கரை, எலுமிச்சை விட்டு மசிச்சு, திரும்ப வச்சேன். அவ்வளவுதான். பாலும் இல்ல, முட்டையும் இல்ல. வாயில வச்சா, கிழவா, பழமே பனியா மாறி வந்த மாதிரி.

கீழ் வீட்டுப் பெரியவர் தோன் லாசரோவுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தேன். மறுநாள் கிண்ணத்தைக் கழுவி எடுத்துட்டு வந்து நிக்கிறார். "தோன்யா மிரேயா, இன்னொரு கிண்ணம் கிடைக்குமா? வீட்டுக்காரிக்குக் கேட்டேன்னு வச்சுக்குங்க. ஆனா எனக்குத்தான்." அப்புறம் அவர் தங்கச்சி வந்தா, தங்கச்சியோட சிநேகிதி வந்தா. எல்லாரையும் உள்ள விட்டா வீடு சந்தையாயிடும்னு ஜன்னலைத் திறந்தேன். மேல பாதிக்குத் திரை போட்டேன், வெயில் அடிக்காம இருக்க. கை மட்டும் வெளிய போய் வரும். எனக்கு அது பிடிச்சிருந்துச்சு. நாள் பூரா யார் முகத்தையும் பாத்து இளிக்க வேண்டாம்.

சுவர் விஷயம். படிக்கட்டுக்கு மேல ஒதீலியான்னு ஒருத்தி வாடகைக்கு வந்திருக்கா. பள்ளிக்கூடத்துல ஓவியம் சொல்லிக் கொடுக்கிறா, சிகரெட்டை வாயை விட்டு எடுக்கறதே இல்ல. ஒருநாள் சீத்தாப்பழமும் ஆரஞ்சுச் சாறும் கலந்த ஐஸை வாங்கித் தின்னுட்டு, அங்கயே நின்னா. "அம்மா, இவ்ளோ வெள்ளைச் சுவரை வச்சுக்கிட்டு எப்படித் தூங்கறீங்க?"ன்னா. "என் புருஷன் கடற்படை. அவருக்கு வெள்ளைதான் நிறம்"னேன். "உங்களுக்கு?"ன்னா.

எனக்கு நாப்பத்தாறு வயசாச்சு. இப்பதான் ஒருத்தி எனக்கு என்ன நிறம் பிடிக்கும்னு கேக்கறா, எனக்குத் தெரியல.

இப்ப சுவர் பூரா ரெண்டா வெட்டின ஒரு சீத்தாப்பழம். வெளிய பச்சை, உள்ள பால் வெள்ளை. உன் வெள்ளையைத்தான் அப்படியே விட்டிருக்கா, வீணாகல. விதையெல்லாம் கறுப்புப் படகா மாறி கூரைப் பக்கம் மிதந்து போகுது. ஜன்னல் சரியா பழத்துக்கு நடுவுல.

கேக்காம செஞ்சேன்னு எழுதியிருக்க. சரி. நீ தீவுக்குப் போறேன்னு எழுதிக் கொடுத்தப்ப என்னைக் கேட்டியா? சூப் குடிச்சுக்கிட்டே, உப்பு எடு, ஒரு வருஷம் தெற்கே போறேன்னு சொன்ன. நான் உப்பை எடுத்துக் கொடுத்தேன்.

மிரேயா


தீவு
22 ஏப்ரல்

மிரேயா,

முழங்கால் பரவாயில்லை. ஈரத்துக்கு வலிக்கிறது, இங்கே தினமும் ஈரம்.

உப்பு விஷயம் எனக்கு நினைவில்லை. நீ சொன்னால் நடந்திருக்கும். ஆனால் வேலை வேறு, வீட்டுச் சுவர் வேறு. உத்தரவு வந்தால் போக வேண்டியவன் நான். இது உனக்குத் தெரிந்துதான் என்னைக் கட்டிக்கொண்டாய். சுவரைப் பற்றி இப்போது எதுவும் சொல்வதற்கில்லை. பார்த்த பிறகு சொல்கிறேன்.

இங்கே வேறொரு தொல்லை. தெயோஃபிலோவும் நானும் பேசிக்கொள்வதில்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பாய். டொமினோ ஆடும்போது அவன் என் கட்டையை எட்டிப் பார்த்தான் என்றேன். அவன் இல்லை என்றான். "உங்க கட்டையைப் பாக்கறதுக்கு நான் எதுக்கு சார்ஜெண்ட் எட்டணும்? உங்க மூஞ்சியைப் பாத்தாலே தெரியுதே" என்றான். அன்றோடு நின்றது பேச்சு. தீவில் இருப்பதே இரண்டு பேர். அவன் இரவுப் பணி முடித்து வந்து குறிப்பேட்டில் காற்றின் வேகத்தை எழுதுகிறான், நான் அதைப் படித்துவிட்டுப் போய் விளக்கைப் பார்க்கிறேன். ஒரே மேசையில் ஒரே டின் பீச்சைத் தின்கிறோம். கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கிறது. அந்தப் பீச்சைக் கண்டாலே இப்போது இரண்டு பேருக்கும் குமட்டுகிறது.

அதனால்தான் கேட்கிறேன். இங்கே ஃப்ரிட்ஜில் மேல் அறை கெட்டுப் போய்விட்டது. ஆனால் வெளியே பனி விழத் தொடங்கிவிட்டது. நீ செய்கிற அந்தச் சமாச்சாரத்தைப் பனியை வைத்துச் செய்ய முடியுமா? ஆர்வத்தால் கேட்கவில்லை. டின்கள் தீர வேண்டும்.

மார்ச்சில் முள்ளுச் செடிகளில் கருநீலமாகக் கலாஃபாத்தே பழம் காய்த்திருந்தது. பறித்துச் சர்க்கரையில் போட்டு வைத்திருக்கிறேன். அதையும் சேர்க்கலாமா?

எவரிஸ்தோ


வால்பரைசோ
25 மே

கிழவா,

உன் மூஞ்சியைப் பாத்தாலே கட்டை தெரியும்கறது உண்மைதான். எங்கப்பா உயிரோட இருந்தப்பவே சொல்லிச் சிரிப்பார். அந்தப் பையன் மேல தப்பில்ல.

பனியில செய்யலாம், ரொம்ப சுலபம். பெரிய வாளி எடு. பனியைப் போட்டு, கை நிறையக் கல் உப்பை அள்ளிக் கலந்துக்கோ. உப்பு சேர்ந்தா பனிக்கு இன்னும் குளிர் ஏறும். அதுக்கு நடுவுல மூடி போட்ட தகர டப்பாவைப் புதைச்சு வை. டப்பாவுக்குள்ள பீச்சை மசிச்சுப் போடணும். டின்ல இருக்கிற பாகே இனிப்பு, அதனால சர்க்கரை போடாதே, எலுமிச்சை இல்லன்னா கொஞ்சம் வினிகர் விடு, கொஞ்சம்தான். கலாஃபாத்தேயைக் கடைசியில சேர். அப்புறம் டப்பாவோட காதைப் பிடிச்சு இப்படியும் அப்படியும் திருப்பிக்கிட்டே இரு. நடுவுல திறந்து, ஓரத்துல ஒட்டினதை முள் கரண்டியால சுரண்டி உள்ள தள்ளு. சுரண்டலன்னா ஒரே பாறையா ஆயிடும். உப்புத் தண்ணி உள்ள போகாமப் பாத்துக்கோ. ஒரு ஆள் திருப்பணும், ஒரு ஆள் வாளியைப் பிடிக்கணும். பேசாம செய்ய முடியாது, சொல்லிட்டேன்.

இங்க குளிர் வந்துடுச்சு, ஐஸ் வாங்க வர்றவங்க குறைஞ்சுட்டாங்க. வர்றவங்களுக்கு முலாம்பழமும் வெள்ளை ஒயினும் போட்டு உறைய வச்சுக் கொடுக்கறேன், பெரியவங்களுக்கு மட்டும். லாசரோ தினம் வர்றார்.

ஞாயித்துக்கிழமையானா ஜன்னலைச் சாத்திட்டு ஒதீலியாவோட சேந்து ஊர்ல சுவர்ப் படம் பாக்கப் போறேன். பிறந்ததுலேர்ந்து இந்த ஊர்ல இருக்கேன், காய்கறிப் பையும் படிக்கட்டும்தான் பாத்திருக்கேன் போல. விஞ்ச் வண்டியில ஒரு குன்று ஏறி, நடந்து அடுத்த குன்றுல இறங்குவோம். ஒரு படிக்கட்டுல நீல நிறத்துல ஒரு கிழவர், அவர் தாடிதான் படியெல்லாம் வழிஞ்சு கீழ வரைக்கும் வருது. ஜனங்க தாடி மேலயே மிதிச்சு ஏறிப் போறாங்க. இன்னொரு தெருவுல மூணு வீட்டுச் சுவர் சேத்து ஒரு திமிங்கலம். வால் வர வேண்டிய வீட்டுக்காரர் "என் சுவர்ல மீன் நாத்தம் வேண்டாம்"னுட்டாராம். அதனால வால் இல்லாத திமிங்கலம். நான் நடுத்தெருவுல நின்னு சிரிச்சேன். ஒரு சந்துல சுவர்ல ஒரு கதவு, பித்தளைப் பிடியெல்லாம் வச்சு. தண்ணி கேக்கலாம்னு தட்டினேன். படம்! ஒதீலியாவுக்குப் புகை புரையேறி இருமல் நிக்கல.

உனக்கு இதையெல்லாம் காட்டணும்னு தோணுச்சு. அதை எழுதத்தான் உக்காந்தேன்.

3 ஜூன்

சார்ஜெண்ட் அவர்களுக்கு,

மேல எழுதினதைக் கிழிக்கல, ஏன்னா செய்முறை அதுல இருக்கு. நீ கேட்டது.

இன்னிக்கு உன் சம்பளத் தாளை வாங்க அலுவலகத்துக்குப் போயிருந்தேன். தாள் கொடுக்கற அம்மா எழுந்து கையைக் குலுக்கினா. "வாழ்த்துக்கள்! ரெண்டாவது வருஷமும் சார்ஜெண்டே கேட்டு வாங்கியிருக்கார். அவர் மாதிரி ஆளுங்க கிடைக்கறது அபூர்வம்."

உத்தரவு வரல. நீயே கேட்டு வாங்கியிருக்க. அவகிட்ட நன்றி சொல்லிட்டு விஞ்ச் ஏறாம நடந்தே வந்தேன், மேல வரைக்கும்.

இதுக்கு மேல எழுத ஒண்ணும் இல்ல.

மிரேயா கர்வஹால்


தீவு
14 ஜூலை

மிரேயா,

உன் கடிதம் நண்டுப் படகில் வந்தது. படகுக்காரர்கள் காற்றுக்காக ஒதுங்கியிருக்கிறார்கள், நாளை போய்விடுவார்கள். அதற்குள் எழுதுகிறேன்.

நான் கேட்டு வாங்கியது உண்மை. பிப்ரவரியில், அந்தச் சமையல்காரர் சொன்ன அன்றே, கோபத்தில் எழுதிக் கொடுத்தேன். ஏப்ரலில் உனக்கு எழுதும்போது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபம் போன பிறகும் காகிதம் போய்விட்டதே.

கோபம் மட்டும் காரணம் என்றால் பொய்யாகிவிடும். நான் கரையில் இருக்கும்போது நம் வீட்டில் எப்படி இருந்தோம், யோசித்துப் பார். நீ சமையலறையில், நான் ரேடியோவோடு முன்னறையில். பிள்ளைகள் இல்லாத வீட்டில் சத்தம் போட ஆள் வேண்டும், அந்த ஆள் நான் இல்லை. எனக்கு ஏணி ஏறத் தெரியும், சுவருக்கு வெள்ளை அடிக்கத் தெரியும். அடித்து முடித்த பிறகு என்ன செய்வது என்று தெரியாது. இங்கே இரவு முழுதும் ஒரு விளக்கு எரிய வேண்டும், அதற்கு நான் வேண்டும். அவ்வளவு எளிது இங்கே.

ஐஸ் செய்தோம். தெயோஃபிலோவிடம் போய், "வாளியைப் பிடிக்கிறாயா?" என்றேன். பல நாள் கழித்து நான் பேசிய முதல் சொல் அதுதான். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "எதுக்கு?" என்றான். "ஐஸ் செய்ய" என்றேன். "சார்ஜெண்ட், வெளிய பாருங்க. நம்மளே ஐஸ்லதான் இருக்கோம்" என்றான். ஆனாலும் பிடித்தான்.

முதல் முறை உப்பு உள்ளே போய்விட்டது. துப்பினோம். இரண்டாம் முறை அவன் சுரண்டினான், நான் திருப்பினேன். கலாஃபாத்தே சேர்த்ததும் ஊதா நிறம் வந்தது. அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து போர்வையைப் போர்த்திக்கொண்டு தின்றோம். அவன் பாதியில் கரண்டியை வைத்துவிட்டு, "நான் எட்டிப் பாத்தேன் சார்ஜெண்ட், அன்னிக்கு" என்றான். "தெரியும்" என்றேன். அப்புறம் அவன் வருங்கால மனைவி வேறொருவனைக் கட்டிக்கொண்ட கதையைச் சொன்னான். பொழுது விடியும்வரை சொன்னான். அவன் அதையெல்லாம் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டுதான் காற்றின் வேகத்தை எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

உன் செய்முறை நல்லது. இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

எவரிஸ்தோ


தீவு
20 செப்டம்பர்

கருப்பி,

நேற்று கப்பல் வந்தது. தபால் பையை நானே பிரித்தேன். தெயோஃபிலோவுக்கு அவன் அம்மாவிடமிருந்து மூன்று கடிதம். எனக்கு ஒன்றும் இல்லை. பையைத் தலைகீழாக உதறிப் பார்த்தேன். அவன் பார்க்காததுபோல் வெளியே போய்விட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன், பதில் எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம்.

ஆகஸ்டில் காற்று நிற்காமல் அடித்தது. வெளியே போக முடியவில்லை. கிடங்கில் விளக்குக் கோபுரத்துக்கு அடிக்கும் சிவப்பு இருந்தது, படகுக்கு அடிக்கும் மஞ்சள் கொஞ்சம் இருந்தது. நானும் தெயோஃபிலோவும் கிடங்கின் உள்சுவரில் ஒரு பீச் வரைந்தோம். வரையத் தெரியாது. முதலில் அது கால்பந்துபோல இருந்தது. பக்கத்தில் இலை போட்ட பிறகு முள்ளங்கிபோல ஆனது. அவன், "தூரமா நின்னு பாருங்க, பழம்தான்" என்றான். கிடங்கில் தூரமாக நிற்க இடமில்லை. ஆனால் மாவு எடுக்க உள்ளே போகும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன். பார்த்துவிட்டுத்தான் மாவை எடுக்கிறேன். நீ சுவர் பார்க்கப் போனாயே ஞாயிற்றுக்கிழமைகளில், அது என்னவென்று ஒரு நகக்கண் அளவு புரிகிறது.

நேற்று கப்பலில் வந்த அதிகாரி கிடங்கைச் சோதிக்க வந்தார். பீச்சுக்கு முன்னால் வந்து நின்றார். "இது யார் வேலை?" "என் வேலை, சார்." "இது என்ன?" "பீச், சார்." "முள்ளங்கின்னு நினைச்சேன்" என்றார். வெள்ளை அடித்துவிடச் சொன்னார். அடிக்கிறேன் என்றேன். பிறகு, இரண்டாம் வருடம் கேட்டு எழுதிய மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்ள விரும்புகிறேன் என்றேன். பீச்சைவிட அதற்குத்தான் அவர் அதிகம் திகைத்தார். பதவி உயர்வு போய்விடும் என்றார். போகட்டும் என்றேன்.

அதனால் டிசம்பர் கப்பலில் என் முறை முடிகிறது. வீட்டுக்கு வருகிறேன் என்று எழுதவில்லை. கேட்கிறேன். வரட்டுமா?

எவரிஸ்தோ


வால்பரைசோ
26 அக்டோபர்

எவரிஸ்தோ,

எழுதாம இருந்ததுக்குக் கோபம் மட்டும் காரணம் இல்ல. பாதி கோபம், பாதி வேலை.

ஆகஸ்டுல இங்கயும் காத்து. ஒரு ராத்திரி கூரையே போயிடும்னு நெனச்சேன். காலையில பாத்தா முன்பக்கச் சுவர்ல நாலு தகரம் காணோம். சீத்தாப்பழத்துல ஒரு ஓரம் பிச்சுத் தின்ன மாதிரி பள்ளம், உள்ளே பழைய பலகை தெரியுது. மழை நேரா முன்னறைக்குள்ள வந்து உன் ரேடியோ மேல விழுந்துச்சு. ரேடியோ போயிடுச்சு, சொல்லிடறேன்.

ஏணியை எடுத்து வச்சு நானே ஏறினேன். ஒதீலியா கீழ பிடிச்சுக்கிட்டா, சிகரெட்டோட. தார்ப்பாயை அடிச்சு மூடினேன். ஏணியோட கடைசிப் படியில நின்னப்ப துறைமுகம் பூரா தெரிஞ்சுச்சு. வருஷா வருஷம் நீ இங்கதான் நின்னியா? இறங்கி வந்து ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்ல, மேலேர்ந்து இப்படித் தெரியும்னு.

மூணு தகரம் கெடச்சுது. ஒண்ணு மட்டும் கெடைக்கல. ஒரு வாரம் கழிச்சு லாசரோ வீட்டுப் பின்னாடி போனா, கோழிக் கூண்டுக்குக் கூரையா இருக்கு, அழகா ரெண்டு படகோட! "லாசரோ, இது என்னது?"ன்னேன். "ஆண்டவன் அனுப்பின தகரம்"னார். "ஆண்டவனோட பேரு ஒதீலியா, கழட்டுங்க"ன்னேன். "கோழி இப்பதான் முட்டை வைக்க ஆரம்பிச்சிருக்கு, தோன்யா மிரேயா. படம் பாத்து சந்தோஷமா இருக்குதுங்க." விட்டுட்டேன். அந்த இடத்துல புதுத் தகரம் அடிச்சாச்சு, வெறும் தகரமா பளபளன்னு நிக்குது. ஒதீலியா "என்ன வரையட்டும்?"னு கேட்டா. இருக்கட்டும்னேன். அவசரம் இல்ல.

ஜூலைக் கடிதத்தைப் பல தடவை படிச்சேன். சமையலறையில நான், முன்னறையில நீன்னு எழுதியிருந்த. சரிதான். ஆனா முன்னறைக்குப் போற கதவை நீயும் திறந்திருக்கலாம், நானும் திறந்திருக்கலாம். ரெண்டு பேரும் கேட்டதில்ல. நான் சுவரைக் கேக்கல, நீ தீவைக் கேக்கல. இப்ப கேட்டிருக்க. நீ கேட்டு எனக்குப் பழக்கம் இல்ல.

வான்னு சொல்ல மாட்டேன். வராதேன்னும் சொல்ல மாட்டேன். இங்க எப்படி இருக்குன்னு மட்டும் சொல்றேன், அப்புறம் நீயே முடிவு பண்ணு. காலையில சந்தைக்குப் போய் அடிபட்ட பழம் பொறுக்கறேன். மத்தியானத்துல ஜன்னல் திறக்கும், விளக்கு வைக்கற வரைக்கும் திறந்திருக்கும். வீட்டுல ஸ்ட்ராபெர்ரி வாசனை, தரையில ஒட்டும். ஞாயித்துக்கிழமை நான் வீட்டுல இருக்க மாட்டேன். சுவர் வெள்ளையாகாது. உப்பு கேட்டா எடுத்துக் கொடுக்கறவ இப்பவும் இருக்கா, ஆனா கை ஒழியணும்.

கிடங்குல அந்த முள்ளங்கிக்கு வெள்ளை அடிச்சுட்டியா?

மிரேயா


துறைமுகத்துப் பக்கம், தங்கும் விடுதி
வால்பரைசோ
12 ஜனவரி 1998

கருப்பி,

உன் கடிதத்தைக் கொண்டுவந்த டிசம்பர் கப்பலிலேயே ஏறிவிட்டேன். தெற்குத் துறைமுகத்தில் இறங்கி, கணக்கு ஒப்படைக்கச் சில வாரம் தங்கி, பஸ் பிடித்து, நேற்று வந்து சேர்ந்தேன். வீட்டுக்கு வரவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இன்று மத்தியானம் நடந்தே குன்று ஏறினேன், முழங்கால் திட்டிக்கொண்டே வந்தது. திருப்பத்தில் நின்று பார்த்தேன். முதலில் எனக்கு வீடு அடையாளம் தெரியவில்லை. பிறகு கூரையை வைத்துத் தெரிந்துகொண்டேன். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கதவைத் தட்டினால் நீ வேலையை விட்டு எழுந்து வரவேண்டும். திரும்பிப் போகவும் கால் வரவில்லை. அதனால் வரிசையில் நின்றேன்.

என் முன்னால் நின்ற அம்மாள், தன் இரண்டு மகள்களிடம், "தள்ளாதீங்கடி. தோன்யா மிரேயா ஐஸ் எங்கயும் ஓடிப் போகாது" என்றாள். உன் பெயரை வெளியாள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. என் முறை வந்தது. திரைக்குக் கீழே உன் கை தெரிந்தது, விரலெல்லாம் சிவப்பு. "என்ன வேணும்?" என்றாய். நான் குரலை மாற்றிக்கொண்டு "பீச்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஒரு கிண்ணம் வந்தது. காசை வைத்தேன். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

எதிர்ப் படிக்கட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு தின்றேன். பார்த்த பிறகு சொல்கிறேன் என்று எழுதியிருந்தேன், சொல்கிறேன். நன்றாக இருக்கிறது. அந்தப் படகுகளில் ஒன்று மற்றவற்றைவிட்டு விலகித் தெற்கே போகிறது. அது வேண்டுமென்றே வரைந்ததா, கை தவறியதா என்று அந்தப் பெண்ணைக் கேட்க வேண்டும். வெறும் தகரத்தில் மாலை வெயில் பட்டபோது கண் கூசியது. வரிசையில் நின்ற எல்லோரும் ஒரே பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் ஏணி மேல் நின்ற வருடங்களில் அந்த வீட்டை இத்தனை பேர் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை.

கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டேன். அது என்னிடம் இருக்கிறது.

முள்ளங்கிக்கு வெள்ளை அடிக்கவில்லை. மாவு மூட்டைகளை அதன் முன்னால் அடுக்கிவிட்டோம். புதிதாக வந்தவருக்குத் தெயோஃபிலோ காட்டியிருப்பான்.

நான் இந்த விடுதியில் இருக்கிறேன். இரண்டாம் மாடி, தெருப் பக்கம். எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருப்பேன்.

எவரிஸ்தோ


அதே நாள், சாயங்காலம்

கிழவா,

உன் கடிதத்தைக் கொண்டு வந்த விடுதிப் பொண்ணை நிறுத்தி வச்சுட்டு எழுதறேன். அவ ஸ்ட்ராபெர்ரி தின்னுட்டு இருக்கா, அதனால அவளுக்கு அவசரம் இல்ல. ஆனா எனக்கு இருக்கு.

உன் கையை எனக்குத் தெரியாதா? நீ காசை வைக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுச்சு. அந்தக் குரலை மாத்தினியே, யாரைப் பாத்துக் கத்துக்கிட்ட? கப்பல்ல ஏத்தின ஆடு மாதிரி இருந்துச்சு. சிரிப்பு வந்துடும்னு வாயைப் பொத்திக்கிட்டேன், அதான் சத்தமில்ல. அப்புறம் சிரிப்பு இல்ல, வேற என்னவோ வந்துச்சு. அதுக்கும் வாயைப் பொத்த வேண்டியிருந்துச்சு. பீச் காலையிலயே தீந்துபோச்சு. உனக்குக் கொடுத்தது ராத்திரி எனக்குன்னு எடுத்து வச்சிருந்தது.

ஏன் கூப்பிடலன்னு நெனப்ப. நீயா வந்து வரிசையில நின்ன. உக்காந்து பாத்த. எழுந்து போறப்ப திரும்பித் திரும்பிப் பாத்தபடி போன. திரையை விலக்கி எல்லாத்தையும் பாத்தேன். அதுல குறுக்க புக எனக்கு மனசு வரல.

அந்தப் படகு கை தவறினது இல்ல. நான்தான் அப்படி வரையச் சொன்னேன்.

இனிமே வரிசையில நிக்காதே, கதவு வழியா வா. கிண்ணத்தை எடுத்துட்டு வா, அது செட்டு. வர்ற வழியில சர்க்கரை வாங்கிக்கோ, ரெண்டு கிலோ, மூட்டை அவிழ்க்காதது. வாசல்ல தரை ஒட்டும், கால் தடுக்காமப் பாத்து ஏறு.

ஒண்ணு சொல்லிடறேன், வந்து பாத்துட்டு மூஞ்சியைத் தூக்காதே. படுக்கையறையில உன் பக்கம் இப்ப ஒரு பெரிய ஃப்ரீசர் நிக்குது. ராத்திரி பூரா உர்ர்னு சத்தம் போடும். பத்துப் பேர் சேந்து தூக்கி வச்சது, அதை இனிமே அசைக்க முடியாது. நீதான் கொஞ்சம் என் பக்கம் நகந்து படுக்கணும்.

மிரேயா